எண்ணெய் படர்ந்த வயலும் என் சொற்பொழிவும்

மன்னார்குடிக்கு அருகே நிலத்தடிக் குழாய் உடைந்து, நடவு முடிந்த வயலில் கச்சா எண்ணெய் பரவிற்று. தொண்டாற்றும் வேட்கையோடு வெள்ளை வேட்டியில் விரைந்தவர்களுள் நானும் ஒருவன். வரப்பின் தலைப்பில் வயலுக்குரிய அம்மையார் நின்றிருந்தார். நெடிய உருவம், மூக்கை மூடிய ஈரத் துண்டு, கையில் மடக்கிய குடை. பேசுமுன் காற்று வீசும் திசையைத் தலைதிருப்பிப் பார்ப்பது அவர் வழக்கம்.

நான் செருப்பைக் கழற்றினேன். குடை குறுக்கே வந்தது.

"வெறுங்காலோட எங்க இறங்குறீங்க? வாய்க்காலுக்குப் போகாம மடையை அடைச்சாச்சு. கூட்டமா மிதிச்சா எண்ணெ சேத்துக்குள்ள போயிரும். அப்புறம் எனக்குப் புல்லுகூட முளைக்காது. கையுறை, பூட்ஸ் போட்ட ஆளுங்க வரட்டும்."

"அவ்வாறெனில், யான் எவ்வகையில் துணைபுரிதல் இயலும்?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்பவும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"எப்பொழுதும்."

"அப்ப காத்துக்கு எதிர்ப்பக்கமா ரோட்டுல நின்னு பேசுங்கய்யா. பீடியும் கையுமா ஒருத்தனும் கிட்ட வரப்படாது."

மருதநிலத்தின் மாண்பு குறித்து மாலைவரை உரையாற்றினேன். உதவ வந்தோர் முதல் வாக்கியம் முடியுமுன்னரே மிதிவண்டியைத் திருப்பினர். பணியாளர்கள் வந்து எண்ணெயை அள்ளத் தொடங்கும்வரை ஒருவர் காலடிகூட வயலில் படவில்லை.

புறப்படுகையில் அம்மையார் காற்றைப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் வந்து பேசுறீங்களாய்யா?" என்றார்.

என் சொற்பொழிவுக்கு மறுஅழைப்பு கிடைத்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். அது மதிப்பா, குறும்பா என்பது இன்றளவும் விளங்கவில்லை. மறுநாள் பொழுது புலருமுன்னரே போய் நின்றேன்.