நான் மாற்றி வாசித்த சீட்டு

செல்விக்கு விழுந்த பணியை நான் திருடினேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில், எங்கள் மாதா கோயில் மண்டபத்தில், அத்தனை பேர் பார்த்திருக்க, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே திருடினேன்!

எல்லா வேலைக்கும் அதே நாலு பேர்தானா என்று முணுமுணுப்பு எழுந்ததால் எங்கள் ஃபாதர் ஒரு வழி சொன்னார். பணிகளைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்குவது. ஆளுக்கொன்று எடுத்து, பிரிக்காமல் பங்குச் செயலாளரிடம் கொடுப்பது. "ஆண்டவரே பிரிச்சுக் குடுக்கட்டும்" என்றார். செயலாளர் நான்தான்.

எனக்கோ எதையும் முந்தி அறிந்துவிட வேண்டும்... பிறவிக்குணம்! என் சீட்டை மேசைக்கடியில் பிரித்தேன். கழிப்பறை கழுவுதல். அடுத்து, செல்வி தந்ததைப் பிரித்தேன். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசித்தல்.

செல்வி மலையகத்து அட்டனிலிருந்து வந்தவள். வெள்ளவத்தை மாடிவீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள். அவளுக்குப் பழகின வேலைதானே என்று நினைத்தேன்... அவ்வளவுதான். இருவருக்கும் மாற்றி வாசித்துவிட்டு, சீட்டுகளைக் கசக்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏன் செய்தேன்? அருவருப்பா? என் வீட்டுக் கழிப்பறையை நான் கழுவுவதில்லையா! இல்லை... வாளியும் பிரஷுமாக நான் நிற்பதை நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் காண்பார்களே என்ற எண்ணம். அது மட்டும்தானா? அந்த வெட்கத்தைக் கிளறிக் கிளறிப் பார்க்கிறேன். இன்னும் ஏதோ அடியில் கிடக்கிறது.

மூன்று ஆண்டுகளாயிற்று; அன்று வாசித்த பணிகளே தொடர்கின்றன. வேறு பணி வேண்டுமா என்று ஃபாதர் ஆண்டுதோறும் கேட்பார். செல்வி வேண்டாமென்று தலையசைப்பாள். ஏன் மறுக்கிறாள்? அறியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன மாதம் கழிப்பறை வாசலில் அவளை மறித்தேன்.

"செல்வி, உனக்கு வாசகம் வாசிக்க விருப்பமில்லையோ?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "ஆசை இருந்திச்சுங்க டீச்சர். அந்த வருசம் சீட்டுக் குலுக்குறதுக்கு முந்தியே வீட்டுல சத்தமா வாசிச்சுப் பழகிக்கூட வச்சிருந்தேன். ஆனா ஆண்டவரே வேணாம்னுட்டாரே... நாம என்ன செய்யிறது?"

சொல்லியிருக்கலாம்! வாய்வரை வந்தது. "ஓம்... அதுவும் சரிதான்" என்றேன். கேட்டீர்களா... சரிதானாம்!

கடந்த ஞாயிறும் நான்தான் வாசித்தேன். "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடித்தபோது, சபை சொல்லும் மறுமொழியில், கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த அவள் குரல் எல்லாருக்கும் முந்தி எழுந்தது.

"இறைவா, உமக்கு நன்றி!"