எடுக்கக் கூடாத அழைப்பு

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், செல்போனை எப்படி அளவோடு வைத்துக்கொள்வது என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். நர்ஸுகள் எல்லோரும் போனை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்து விட வேண்டும். ஊரில் ஜெபத்துக்குத்தான் இப்படிக் கண்ணை மூடியிருக்கிறேன். வகுப்பெடுத்த ஃபியோனா நல்ல மனுஷி. போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது நம்மை ஆட்டிவைக்காமல் இருந்தால் போதும் என்றார். "எதைத் தவறவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். என் தங்கை ரோஸ்லின் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள், காலையில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றேன். "அடடா, நாள் முழுக்கப் போன் இல்லாத நிம்மதி! கொடுத்துவைத்தவர்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஆங்கிலத்தில் வார்த்தை அகப்படவில்லை.

நிம்மதிக்காகவா வாங்கி வைக்கிறார்கள்? வெடிமருந்துப் பக்கம் போன் போனால் ஆபத்து. அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போனை வாங்கி வைக்கத் தெரிந்த கம்பெனிக்கு, வெளியிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்ல ஓர் ஆளை வைக்கத் தெரியாதா?

போன தீபாவளி சீசனில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கரும்புகை, ஓடும் பெண்கள், அடியில் அழுகிற இமோஜி பொம்மைகள். 'ஏழாயிரம்பண்ணை அருகே' என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு மேலே காலை வணக்கம் ரோஜாப்பூ, கீழே நகைக்கடை விளம்பரம். தங்கைக்கு அடித்தேன். வாட்ச்மேன் அறை அட்டைப்பெட்டிக்குள் அவள் போன் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டு கிடந்திருக்கும். கம்பெனிக்கு அடித்தேன். ஆர்டரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் வைத்துவிட்டார்கள். ஊசி போடும் வேலையை இன்னொருத்தியிடம் கொடுத்தேன். வேலை விட்டபிறகு தங்கையே கூப்பிட்டாள்.

"யக்கா, எதுக்கு இம்புட்டு போன் அடிச்சிருக்க? இங்கன ஒண்ணுமில்லையே!"

அது வேறெங்கோ, என்றைக்கோ நடந்த விபத்து. வீடியோவைப் போட்ட சொந்தக்கார அண்ணனைக் கேட்டால், "எல்லாரும் எச்சரிக்கையா இருக்கட்டும்னுதான் தாயி போட்டேன்" என்கிறார். யாருக்கு எச்சரிக்கை? புகைக்குள் ஓடியவளும் யாரோ ஒருத்தியின் தங்கைதானே! அவளை ஊரெல்லாம் வேடிக்கை பார்க்க அனுப்பிவிட்டு, பேச்சைப் பார். இவ்வளவுக்கும் பிறகு நானும் விட்டேனா? குளிக்கப் போகும்போதுகூட அந்தக் குழுவைத்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அக்காளும் தங்கையும் சண்டை போட்டுத்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். நான் குழுவைவிட்டு விலகிவிட வேண்டும். போனில் அவள் அழைப்புக்கு மட்டும் சத்தம். மற்ற எல்லாம் ஊமை.

"கேட்டத் தாண்டுனதும் ஒரு மிஸ்டு கால் விடுறேன். நீ எடுத்துறாத. பேசிட்டு நின்னா கம்பெனி வேன் நிக்காது" என்றாள்.

அங்கே வேலை விடும் நேரம் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். நேற்று எதிரே உட்கார்ந்திருந்த ஃபியோனா, இப்போதெல்லாம் நான் போனைத் தொடுவதே இல்லை, வகுப்பு நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. லோடு ஏற்றத் தங்கையைப் பிடித்து வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபியோனா மழையைப் பற்றிப் பேசினார். என் சாப்பாட்டு டப்பா மூடியபடியே இருந்தது. போன் ஒரு தரம் அடித்து நின்றது.

"எடுக்கவில்லையா?" என்றார்.

"வேண்டாம். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்" என்றேன்.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நான் டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கினேன்.