அக்குளில் இருந்த கறுப்புக் காயம்

இன்று வாழைச்சேனை பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அக்காவை உடனே அடையாளம் தெரிந்தது. போன வருடம் அகதி முகாமில், காய்ச்சல் ஆராய்ச்சிக்காக அவருடைய கணவரிடம் நான்தான் இரத்தம் எடுத்தேன். சில நாளில் அவர் இறந்துவிட்டார். இரத்தப் பரிசோதனை முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது.

“புள்ள, அவர்ர ரத்தத்தில என்ன இரிந்த?”

“உண்ணிக் காய்ச்சல் அக்கா. அக்குள்ள இரிந்த கறுப்புக் காயம் உண்ணி கடிச்சது. அத நான் சொல்லியிருந்தா டொக்டர் குளிசை குடுத்திருப்பார். யாரோ பிடிச்சு வைச்சு சிகரெட்டால சுட்டதெண்டு நினைச்சு எழுதாம விட்டுட்டன்.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நானும் அப்படித்தான் நினைச்சன். கேட்டா வெக்கப்படுவார் எண்டு கேக்கல்ல.”

ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் அடிக்கும் இந்தக் காலத்தில் சுட்ட காயத்தைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

மரியாதை என்று நினைத்து வாயை மூடியவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தானா?