எஞ்சின் வாயில் கூடிப்போன நீலம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை என்ற முறையில் சில வார்த்தைகள். அண்ணனின் நல்ல குணங்களை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். கூடவே ஒரு குற்றத்தையும் எழுத வேண்டியிருக்கிறது, அது என்னுடையது.

அண்ணன் மோகனூரில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட, பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அண்ணி காலமான பிறகு, கணவரை இழந்த நானும் அவரோடு வந்து இருந்துகொண்டேன். தங்கமான மனிதர். ஆனால் நிறம் என்று வந்துவிட்டால் அவருடைய பிடிவாதம் சொல்லி மாளாது. கண்ணுக்குச் சரிப்படாவிட்டால், முடிந்த வேலையையும் சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பார்.

அண்ணன் வேலையிலிருந்து நின்ற பிறகு, பெங்களூரில் இருக்கும் அவர் மகள் ஒரு பிளாஸ்டிக் ஜெட் விமானம் வாங்கி அனுப்பினாள். துண்டு துண்டாக ஒட்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டியது. இறக்கையும் உடம்பும் ஒரு வாரத்தில் முடிந்தன. பின்னால் நெருப்புக் கக்கும் எஞ்சின் வாயில்தான் மாதக்கணக்கில் நின்றுவிட்டார்.

"கறுப்பு அடிச்சு உடுங்களேண்ணா" என்றேன்.

"கரி வேற, சூடு பட்ட இரும்பு வேற சாமி. லாரி சைலன்சரப் பாரு. மொதல்ல வைக்கோல் மஞ்சள், அப்பறம் காப்பி, அப்பறம் கத்திரிப்பூ, கடைசியிலதான் நீலம்" என்றார்.

அதைக் காட்டுவதற்கென்றே என் தோசைக் கரண்டியை அடுப்பில் பழுக்கவைத்து நாசமாக்கினார். பிறகு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நிறம் கலந்தார்.

அதற்குள் சிறுநீரகம் பழுதாகி உடம்பு சோர்ந்தது. கண்ணில் புரை வேறு. ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லியிருந்தார் டாக்டர். புரை மூடிய கண்ணுக்கு நீலம் மங்கித் தெரியுமாம். கண் தெளிவாக இருந்தபோது பார்த்த நீலத்தை மனதில் வைத்து, அண்ணன் மேலும் மேலும் நீலம் ஏற்றினார். ஒரு மத்தியானம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தவர், விமானத்தையும் கரண்டியையும் என்னிடம் நீட்டினார்.

"எனக்குச் சரியாத் தெரியல சாமி. நீலம் ரெண்டுலயும் ஒண்ணாட்ட இருக்குதா?"

கரண்டியில் நீலம் இருக்கிறதா இல்லையா என்றிருந்தது. விமானத்தில் மயில் கழுத்தாக மின்னியது. ஆறிப்போன கஞ்சியைப் பார்த்தேன்.

"ஒண்ணாட்டத்தான் இருக்குதுங்கண்ணா. எந்திரிச்சுச் சாப்புட வாங்க."

நம்பிவிட்டார். அன்று கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். சாயங்காலமே வார்னிஷ் அடித்து வேலையை முடித்தார். அதன்பின் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், "எனக்குக் கண்ணு மங்கலுங்க. நீலத்த எந் தங்கச்சிதான் பாத்துச் சொல்லுச்சு" என்று பெருமையாகச் சொல்வார். நான் சமையலறைக்குள் போய்விடுவேன். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே நாள் போனது. சொல்லும் முன் அண்ணன் போய்விட்டார்.

காரியத்தன்று, விமானப் படையில் எஞ்சின் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணனின் நண்பர் அந்த விமானத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நீலம் தூக்கலா இருக்குதுங்களே. இப்படி உடற ஆளில்லையே அவுரு" என்றார். நான் பந்திக்கு இலை எடுக்கப் போய்விட்டேன்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த பட்டறைத் தோழர்களுக்கும், தூக்கி உட்காரவைத்து மருந்து கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த நண்பருக்கு நன்றியோடு அன்று சொல்லாத பதிலும்: ஐயா, அண்ணன் அப்படி விடவில்லை. என்னிடம் கேட்டார். நான்தான் பொய் சொன்னேன்.