ரெண்டு காலும் தரையில இருக்குதா?

செய்தி வந்தபோது என் இடது கை முழங்கைக்கு மேல்வரை ஒரு பசுவுக்குள் இருந்தது. நல்லூரில் ஒரு வீட்டுக் கொட்டகை. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். சட்டைப்பையில் செல்போன் விடாமல் அடித்தது. மாட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் அதை எடுத்து என் காதில் வைத்தார்.

"மாமா, அம்மா போயிட்டாங்க."

பேசியவள் ஸ்டெல்லா. விருத்தாசலம் ஸ்டேஷன் ரோட்டில் மோட்டார் சைக்கிளுக்கு சீட்டு தைக்கும் கடை வைத்திருந்த ஆரோக்கியமேரி அக்காவின் மகள். காலையில் நெஞ்சு வலி என்றாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கையை உருவிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் சினைக்குக் கத்துகிற மாட்டுக்கு அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும். விட்டால் இன்னும் மூன்று வாரம். பாதி வேலையில் கிளம்பினால் அக்காவே எழுந்து வந்து திட்டியிருப்பார். முடித்துவிட்டுத்தான் கை கழுவினேன். கழுவும்போது அழுதேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. சொந்தக் கடைக்குள் நுழையவே குனிய வேண்டும். நான் நாலே முக்கால் அடி. நாங்கள் சேர்ந்து நின்றால் அந்த ரோட்டில் யாரும் சிரிக்காமல் போனதில்லை. அக்காவும் சிரிப்பார். எனக்குத்தான் கோபம் வரும்.

நான் பால் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதாகச் சொல்லி, எனக்கு முன்னால் இருந்த நெட்டை ஆளின் வண்டியைக் கொடுத்தார்கள். பின்னால் நைட்ரஜன் கேன். அதற்குள் உறைய வைத்த மருந்துக் குழாய்கள். கேன் கவிழ்ந்தால் அத்தனையும் வீண். எனக்கு ஓட்டுவதில் பயமில்லை, நிறுத்துவதில்தான் பயம். வண்டி நின்றதும் ஒரு கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தேடும். அதனால் ஒவ்வொரு ஊரிலும் இடது பக்கம் மேடாக இருக்கும் இடம் பார்த்து நிறுத்துவேன்.

ரயில்வே கேட்டில் மேடு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கேட் மூடியபோது, ஒரு பஸ்ஸுக்கும் கரும்பு டிராக்டருக்கும் நடுவில் வண்டியோடு சாய்ந்தேன். கேன் கவிழ்ந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. குண்டு என்று பாதி சனம் ஓடியது. ஓடாமல் நின்ற ஒருவர், "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதேன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். அவரை அடிக்கப் போனேன். ஒரு நீண்ட கை என் தோளைப் பிடித்து நிறுத்தியது. இன்னொரு கை வண்டியைத் தூக்கியது.

"வுழுந்ததுக்கு வெக்கப்படாத தம்பி. கால ஊனி நிக்க எடமில்லாத வண்டி இது" என்றார் மேரியக்கா. அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அன்று மாலை சங்கத்து டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "இன்னொரு தடவ கேனு கவுந்துதுன்னா சாவிய வெச்சிட்டுப் போயிடுங்க." வீட்டில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். எங்கள் இருவருக்கும் வேறு வருமானம் கிடையாது.

மறுநாள் அக்காவின் கடைக்குப் போனேன். அவர் அளவு நாடாவைத் தொடவில்லை. பீங்கான் பட்டறையில் கழித்துப் போட்ட சதுரத் துண்டுகள் கடை மூலையில் அடுக்கிக் கிடக்கும். ஒவ்வொன்றும் அரை அங்குலக் கனம். அவற்றைச் சில்லு என்பார். என்னை வண்டியில் நேராக உட்காரவைத்து, இரண்டு காலுக்கடியிலும் ஒவ்வொரு சில்லாக வைத்துக்கொண்டே வந்தார். குதிகால் பதிந்தவுடன் நிறுத்தினார்.

"அஞ்சி சில்லு கொறையுது."

"நான்தானே குறை?" என்றேன் வெடுக்கென்று.

"வண்டிக்கு ஏத்தாப்ல ஆள வளக்க முடியுமா? ஆளுக்கு ஏத்தாப்ல வண்டியத்தான் கொறைக்கணும்."

சீட்டு நுரையை மேலே அறுத்து, முன்பக்கம் தொடை இடிக்கும் இடத்தை ஒடுக்கினார். அதில் மூன்று சில்லு தேறியது. அதற்கு மேல் அறுத்தால் தகடு குத்தும் என்றார். மீதி இரண்டுக்குப் பக்கத்துப் பட்டறை மெக்கானிக்கை அழைத்துப் பின்பக்க ஷாக் அப்சார்பரைக் குட்டையாக மாற்றி, முன்பக்கத்தையும் அதே அளவு இறக்கச் செய்தார். "பின்னால மட்டும் எறக்கினா வண்டி வளையாது, சொன்ன பேச்சு கேக்காது" என்றார். சங்கத்து வண்டியைக் கேட்காமல் கழற்றுகிறோம் என்பதால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஏறி உட்காரச் சொல்லி, குனிந்து பார்த்துக் கேட்டார்:

"ரெண்டு காலும் தரையில இருக்குதா?"

இருந்தது. முழுப் பாதமும் பதிந்திருந்தது.

மறுநாள் காலை கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வீட்டில் மாடு கத்துவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த மாட்டுக்கு ஏற்கெனவே இரண்டு முறை சினை பிடிக்காமல் போயிருந்தது. இந்த முறையும் தவறினால் சந்தைக்கு ஓட்டிவிடுவதாக அந்த வீட்டம்மா சொல்லியிருந்தார். ரயில்வே கேட்டில் ராஜா மாதிரி காலூன்றி நின்றுவிட்டுப் போனேன். வாசலில் வண்டியைச் சைடு ஸ்டாண்டு போட்டு, கேனை அவிழ்த்துத் தரையில் வைத்தேன். வண்டிக்கு வலது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாயை இளக்க வெந்நீர் கலக்கினேன். வண்டி வழக்கத்தை விட நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒரு மொபெட் அலறிக்கொண்டு வந்தது. அக்கா. தலைமுடி கலைந்து, புடவையெல்லாம் புழுதி.

"தம்பி, அந்தப் பக்கம் இருக்காத. கேனத் தூக்கிக்கினு இந்தாண்ட வா."

"ஏங்க்கா?"

"கேள்வி கேக்காத. எழுந்து வா."

அந்தக் குரலுக்கு எழுந்தேன். கேனைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்திருப்பேன். வாசலில் கட்டியிருந்த மாடு கயிற்றை இழுத்துத் திரும்பியதில் அதன் பின்பக்கம் வண்டியில் உரசியது. உரசியதுதான். வண்டி அப்படியே வலது பக்கம், நான் உட்கார்ந்திருந்த இடத்தில், வெந்நீர்க் குவளையை நசுக்கிக்கொண்டு விழுந்தது.

அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "வண்டியக் கொறைச்சேன், ஸ்டாண்டக் கொறைக்கலயே" என்றார். "கடையப் பெருக்கும்போதுதான் ஞாபகம் வந்துது. சங்கத்துல ஊரக் கேட்டுக்கினு, வழியெல்லாம் மாதாவக் கூப்புட்டுக்கினே வந்தேன்." வண்டி தாழ்ந்தும் ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்ததால், சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நிமிர்ந்து நின்றிருக்கிறது. விரல் பட்டால் மறுபக்கம் போய்விடும்.

அந்த மாட்டுக்கு வேறு வெந்நீர் வைத்து ஊசி போட்டேன். அந்த முறை சினை பிடித்தது. ஆனால் வண்டியின் டேங்க் ஒடுங்கி, கண்ணாடி உடைந்திருந்தது. சங்கத்துக்கு எப்படிப் போவது? எங்கேயோ நிறுத்தியிருந்தபோது யாரோ தள்ளிவிட்டார்கள் என்று சொல்லலாமா என்று கேட்டேன்.

"பொய் சொல்லி வாங்குன வேல எத்தினி நாளு நிக்கும்?" என்று சொல்லி எனக்கு முன்னால் சங்கத்துக்கு மொபெட்டை விட்டார்.

டாக்டர் மேஜைக்கு எதிரில் நின்று, "சார், இவரு வுழல. கேனும் கவுழல. வண்டியக் கொறைச்சது நானு, ஸ்டாண்ட மறந்ததும் நானு. தப்பு என்னுது" என்றார். டாக்டர் அண்ணாந்து அவரைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். கடைசியாக என்னை ஏறி உட்காரச் சொல்லி என் கால்களைப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"ஸ்டாண்ட அறுத்துட்டு நாளைக்குக் கொண்டாங்க" என்றார். இன்றும் நான் அதே சங்கத்தில் இருக்கிறேன்.

அதன்பின் அக்காவின் கடைச் சுவரில் சாக்கட்டியால் 'ஸ்டாண்டு' என்று ஒரு சொல் எழுதியிருந்தது. அழிய அழிய அவரே எழுதுவார். வருவோர் போவோரிடமெல்லாம் என் கதையைச் சொல்லித் தன் தப்பைத் தானே விளம்பரப்படுத்துவார். "ஒங்களுக்கு மானமே இல்லியா அக்கா?" என்று கேட்டிருக்கிறேன். "மானத்தப் பாத்தா இன்னொருத்தன் மேல வண்டி வுழும்" என்பார்.

நல்லூரிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். நாலு மணிக்குக் கோயிலில் பூசை. மூன்றரைக்குப் பெட்டி வந்தது. வழக்கமான அளவு. அக்காவை உள்ளே வைத்தபோது பாதம் மேலேறி நின்றது.

"முட்டிய லேசா மடிச்சி வெச்சா சரியாப் பூடும். எல்லா எடத்துலயும் செய்யறதுதான்" என்றார் பெட்டிக்காரர். வெயில், கூட்டம், கோயிலில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள்.

நான் கடைக்கு ஓடிப்போய்ச் சில்லுகளை அள்ளி வந்தேன். அக்காவின் பாதம் பெட்டி விளிம்பைத் தாண்டி நின்ற அளவுக்கு ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டினேன்.

"எட்டு சில்லு கொறையுது. பொட்டிக்கு ஏத்தாப்ல அக்காவ மடிக்கக் கூடாது. அக்காவுக்கு ஏத்தாப்ல பொட்டி கொண்டாங்க."

"ஃபாதரு காத்துக்கினு இருக்காரு" என்றார் ஒருவர்.

"இருக்கட்டும்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பெட்டிக்காரர் சில்லுகளை எண்ணிப் பார்த்தார். பெட்டியை எடுத்துப் போய், ஒன்றரை மணி நேரம் கழித்து நீளமான ஒன்றைக் கொண்டுவந்தார். அக்கா கால் நீட்டிப் படுத்தார்.

தூக்கும்போது நானும் ஒரு மூலைக்குப் போனேன். மற்றவர்கள் தோளில் ஏற்றியதும் பெட்டி என் தலைக்கு மேலே போய்விட்டது. கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்போது பெட்டிக்காரர் பின்னாலிருந்து சொன்னார்:

"தோள்ள வேணாம், எறக்கி கையில புடிங்கப்பா. அவருக்கு எட்டல."

இறக்கினார்கள். கோயில்வரை அந்த உயரத்திலேயே போனோம்.

போய் வாருங்கள் அக்கா. என் ரெண்டு காலும் தரையில்தான் இருந்தது.