பை திறக்க ஊதலாமா?

இன்று எங்கள் மிச்சம் (Mitcham) நகரக் கடைத்தெருவில் செல்வத்தின் சாப்பாட்டுக் கடைக்கு ரோல்ஸ் வாங்கப் போனேன். சுத்தம் பார்க்கக் கவுன்சில் அதிகாரி வந்து நின்றார். முன்பே ஒருமுறை எச்சரித்திருந்தார்கள்; இனியும் பிழை கண்டால் கடையைப் பூட்டிவிடுவார்கள்.

செல்வம் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கெல்லாம் கிருமிநாசினி அடித்துத் துடைத்துக் காட்டினான். அதிகாரி தலையாட்டினார்.

பிறகு என் ரோல்ஸுக்குப் பை எடுத்தான். ஒட்டியிருந்த பையை ஊதித் திறக்க, பழக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனான். எட்டிப் பறித்தேன்.

"என்னண்ணை, விடுங்கோவன்."

"நீ ஊதினா கடையைப் பூட்டுவாங்கள். என்னைப் பூட்டேலாது."

அதிகாரி பார்த்திருக்க நானே ஊதித் திறந்தேன். அவர் என்னை முறைத்துவிட்டுப் போனார். கடை தப்பியது.

ஆனால் பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருடமும் அவன் ஊதிய பையில்தானே வாங்கித் தின்றிருக்கிறேன்?

உங்கள் கடைக்காரர் எப்படித் திறக்கிறார் என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.