சண்டை நடக்காத மூன்று காலைகள்

அன்று விடியற்காலை குழாயடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா இருந்தாள். பாய் வீட்டம்மா இருந்தாள். மாதா கோயில் சந்திலிருந்து வரும் அக்கா தங்கை இருவர், கழுத்தில் ஜெபமாலையோடு இருந்தார்கள். ரயில்வேயில் கூலி வேலை பார்க்கும் கலாசியின் மனைவி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். தெருவின் மற்ற பெண்களும் அவரவர் குடத்துக்குப் பின்னால் நின்றார்கள். டீக்கடையில் இரவல் வாங்கிய மடக்கு நாற்காலியில் என் கல்லூரிப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் நான்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மீன்காரம்மா. இன்னொருத்தி என் அக்கா. மீன்காரம்மாவை முந்தின நாளே தெருவே கூடிப் பேசி, எண்ணூரில் இருக்கும் அவள் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தது. அக்கா வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பேராசிரியர் பார்த்திருக்க வேண்டியது அந்த இரண்டு பேரைத்தான்.

ராயபுரத்தில் கூட்ஸ் யார்டை ஒட்டினாற்போல் இருக்கிறது எங்கள் தெரு. ஆண்கள் ஹார்பரில் மூட்டை தூக்கப் போவார்கள். என் அப்பாவும் அப்படித்தான். தெருவுக்கும் இரண்டு சந்துகளுக்கும் சேர்த்து ஒரே குழாய். இருட்டோடு தண்ணீர் வரும். நன்றாக விடிவதற்குள் நின்றுவிடும். அதனால் முந்தின மாலையே குடங்களைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிடுவார்கள். குடம் இருக்கும் இடத்தில் ஆள் இருப்பதாகக் கணக்கு. ஒருத்தியின் குடத்தை இன்னொருத்தி நகர்த்துவது, அவள் தலைமயிரைப் பிடித்து இழுப்பதற்குச் சமம்.

அதற்கு முந்தின கோடையில் யாரோ மீன்காரம்மாவின் குடத்தை நகர்த்திவிட்டார்கள். அவள் இன்னொரு குடத்தை எடுத்துச் சுழற்றினாள். அது என் அக்காவின் இடது காதில் பட்டது. அக்கா எந்தக் குடத்தையும் நகர்த்தியவள் கிடையாது. குனிந்து தன் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தினார்கள். அந்தக் காது அதன்பின் கேட்கவில்லை. மறுநாள் ஒரு கான்ஸ்டபிளும் தண்ணீர் ஆபீஸ் ஆளும் வந்து குழாயைப் பூட்டிவிட்டுப் போனார்கள். "சண்ட போட்டீங்கல்ல, நல்லா கெடங்க" என்றார் கான்ஸ்டபிள். இரண்டு நாள் தெரு முழுக்கக் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடித்தது.

மீன்காரம்மா ஒரு மாதம் எங்கள் வீட்டுக்குக் காசு வாங்காமல் மீன் கொண்டுவந்தாள். "என்னைச் செருப்பால அடிச்சிடுடீ, மன்சு ஆறட்டும்" என்று வாசலில் குந்தி அழுவாள். அக்கா அடிக்கவில்லை. ஆனால் குழாயடிக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டாள். வரிசையைக் கண்டாலே திரும்பி வீட்டுக்குள் போய்விடுவாள். மூச்சிழுப்பு நோய்க்காரியான அம்மாதான் எல்லாக் குடத்தையும் தூக்கினாள். எங்கள் வீட்டுப் பக்கம் இன்னொரு குழாய் வந்துவிட்டால், அந்த வரிசைக்குப் போகாமலே அக்கா தண்ணீர் எடுத்துக்கொள்வாள். எங்களுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தெருவே கைநாட்டு வைத்து மனுக் கொடுத்தது. மனு ஆபீசிலேயே கிடந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் யாராவது இரண்டு பேர் உரக்கப் பேசினால், "என்னப்பா குழாயடிச் சண்டை?" என்று சிரிப்பார்கள். என் அக்காவின் காது அவர்களுக்கு ஒரு வேடிக்கைச் சொல்.

எங்கள் பேராசிரியர் அப்படிச் சிரிக்கிறவர் இல்லை. பொருளாதாரம் நடத்த வந்தவர், சமூகவியலில் மனதைப் பறிகொடுத்தவர். ஒரு நாள் வகுப்பில் சொன்னார்: "ஏழைகள் ஏன் ஓயாம சண்டை போடறான்னு கேட்டா, அது அவா குணம்னு சொல்லிடறோம். குணம்னு சொல்லிட்டா அதோட விசாரணை முடிஞ்சுபோச்சு. அந்த இடத்துல எது குறைச்சலா இருக்குன்னு முதல்ல பாக்கணும்." அன்று நான் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தேன் என்றே சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பேச ஒரு சாஸ்திரம் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

எங்கள் குழாயைப் பற்றி அவரிடம் சொன்னேன். அக்காவின் காதைப் பற்றியும் சொன்னேன். அவர் ஒரு திட்டம் போட்டார். ஒரு குழாய் உள்ள எங்கள் தெருவில் மூன்று காலை; இரண்டு குழாய் உள்ள திருவொற்றியூர்த் தெரு ஒன்றில் மூன்று காலை. யாரையும் எதுவும் துருவிக் கேட்பதில்லை, பார்ப்பது மட்டும்தான். வாயால் சொல்வது ஒன்றாகவும் செய்வது வேறாகவும் இருக்குமாம். இங்கே சண்டை நடந்து அங்கே நடக்காவிட்டால், காரணம் குழாய்தான் என்று ஆகிவிடும். அறிக்கையைத் தண்ணீர் ஆபீசுக்கே அனுப்புவதாகச் சொன்னார்.

நான் வீட்டில் வந்து சொன்னேன். தெருவெல்லாம் பரவிவிட்டது. எங்கள் பிள்ளையின் வாத்தியார் வருகிறார்! குழாயடியைக் கழுவிக் கோலம் போட்டார்கள். அவர் வருவதற்கு முன் அதைக் கையால் அழிக்க நான் பட்ட பாடு வேறு கதை.

முதல் நாள் தண்ணீர் வழக்கம்போலத் தாமதித்து, நூல்போல வந்தது.

"நீங்க புடிங்கம்மா" என்றாள் என் அம்மா.

"ஐயே, நீ புடி, உன்க்கு இழுப்பு" என்றாள் பாய் வீட்டம்மா.

இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில் பாதிக் குடம் தண்ணீர் தரையில் போயிற்று. கலாசியின் மனைவி பழக்கத்தில் தன் தகர டின்னை ஓர் இடம் முன்னே தள்ளிவிட்டாள். ஜெபமாலைத் தங்கையின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு மூச்சை இழுத்துவிட்டு, "பரவால்லக்கா, கொயந்த அயுவுது, நீயே புடிச்சிக்கோ" என்றாள். பேராசிரியர் அதை எழுதிக்கொண்டார்.

கேட்பதில்லை என்ற அவர் விதியை அவரே மறந்து, "எப்பவும் இப்படித்தானா அம்மா?" என்றார்.

"ஆமாங்கய்யா. நாங்கல்லாம் ஒரு வவுத்துல பொறந்தவங்க மாதிரி" என்றாள் பாய் வீட்டம்மா.

அவரை முனையில் டிராம் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தேன்.

"ஏறிட்டாரா?" என்று கேட்டாள் கலாசியின் மனைவி.

"ஏறிட்டாரு."

"டிராம் கெளம்பிடிச்சா?"

"கெளம்பிடிச்சு."

"அடியே, இன்னாடி ஒரு மாதிரியா பாத்துகினே இருந்தே? நான் டின்ன நவுத்தினா உன் அப்பன் வூட்டு சொத்து பூடுமா?" என்று ஜெபமாலைத் தங்கையின் மேல் பாய்ந்தாள். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. ஒரு மண்குடம் உடைந்தது. நான் மடக்கு நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு, டிராம் போன திசையையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அன்று மாலை குடம் வைக்க வந்தவர்களிடம் கெஞ்சினேன். "நாளைக்கு எப்பவும் போல இருங்க. அவருக்கு எதிர்லயே சண்ட வந்தா வரட்டும். அப்பதான் குழாய் பத்தலன்னு எழுதுவாரு."

அம்மா என்னை முறைத்தாள். "சண்ட போடச் சொல்றதுக்காடா உன்னைப் படிக்க வச்சோம்? அவுரு எதிர்ல மயிரப் புடிச்சி இஸ்துகினா, நீ இன்னா ஜென்மத்துல பொறந்தவன்னு நெனைப்பாரு?"

பாய் வீட்டம்மா அமைதியாகவே கேட்டாள். "நைனா, போன வருசம் சண்ட போட்டதுக்கு கொயாவப் பூட்டினானுங்க. இந்த வருசம் சண்ட போட்டா கொயா குடுப்பானுங்களா? இன்னா நாயம்பா இது? ஒயுங்கா கீறவங்களுக்குத்தானே எவனும் எதுனா குடுப்பான்?"

கான்ஸ்டபிளுக்குச் சண்டை குற்றம், என் பேராசிரியருக்குச் சண்டை ஆதாரம் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் சட்டை போட்டு, பேனா வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தானே என்று சிரித்தாள். அந்தத் தெருவுக்குப் பேனாவோடு வந்தவர்கள் எல்லோரிடமும் அவர்கள் பட்டதை வைத்துப் பார்த்தால், அவள் சொன்னதுதான் நியாயம்.

இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. மூன்றாம் நாளைத் தள்ளிவைத்து, அடுத்த வாரம் தெருவுக்குச் சொல்லாமல் வரும்படி நானே பேராசிரியரைக் கேட்டுக்கொண்டேன். வந்தார். ஆனால் டிராமிலிருந்து இறங்கும்போதே அம்மாக்களோடு எழுந்து வந்து முனையில் குந்தியிருந்த பிள்ளைகள் பார்த்துவிட்டன. "வாத்தியாரு வராரு!" என்ற கூச்சல் அவருக்கு முன்னால் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் வந்தபோது வரிசை பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி நின்றது.

திருவொற்றியூரில் எங்களை யாருக்கும் தெரியாது. இரண்டு குழாயிலும் சண்டை. மூன்று காலையும் சண்டை. "இன்னாய்யா பொம்பளைங்களை வேடிக்க பாக்குற? நவுரு" என்று ஒருத்தி பேராசிரியரின் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

அவர் அறையில் வைத்து நான் எல்லாவற்றையும் சொன்னேன். மீன்காரம்மாவை அனுப்பியதையும், டிராம் போனதும் குடம் உடைந்ததையும், பூட்டிய குழாயையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை.

"அத்தனை பெண்களும் மூணு நாளும் கலந்து பேசி நடிச்சாங்கறே. எதுலயும் ஒத்துப் போக மாட்டாங்கன்னு நீதானே என்கிட்ட சொன்னே?"

"இதுல ஒத்துப்போனாங்க சார். எனக்காக."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "நீ அந்தத் தெருப் பிள்ளை. உன் அக்காவுக்கு நடந்தது உன்னை விடாது. நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். தண்ணீர் குறைஞ்சா சண்டை வரும்னு நான் நினைச்சேன். என் நினைப்பு தப்பு. தப்புன்னு ஒத்துக்கறதுதான் சாஸ்திரம்."

அப்படியே இங்கிலீஷில் எழுதினார். ஒரு குழாய் உள்ள இடத்தில் ஒற்றுமையும் இரண்டு குழாய் உள்ள இடத்தில் பூசலும் காணப்படுவதால், பூசலுக்குக் காரணம் குழாய்களின் எண்ணிக்கை அன்று; மக்களின் கூட்டுறவுப் பழக்கம் உள்ளதும் இல்லாததுமே என்று முடித்திருந்தார். நான் சொன்னதை அவர் விட்டுவிடவில்லை. அடிக்குறிப்பில், 'உள்ளூர் மாணவர் ஒருவர் இதில் வேறுபடுகிறார்' என்று ஒரு வரி இருந்தது.

தண்ணீர் ஆபீசுக்கு அம்மாவும் பாய் வீட்டம்மாவும் நானும் போனோம். அதிகாரி அறிக்கையைப் புரட்டிவிட்டு, "உங்க தெருவைப் பத்தி எவ்வளவு உயர்வா எழுதியிருக்கு பாருங்க. இருக்கிற குழாயே உங்களுக்குப் போதும்" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து அம்மா, எங்கள் தெருவைப் பற்றி எழுதியிருந்த பத்தியைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். "நம்ம தெருவ நல்ல தெருன்னு எழுதிக்கீறாரு" என்றாள் பாய் வீட்டம்மாவிடம். இருவர் முகத்திலும் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

கோடை வந்தது. குழாயில் வந்துகொண்டிருந்த நூலும் இற்றது. எண்ணூரிலிருந்து எப்போதோ திரும்பிவிட்ட மீன்காரம்மா தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு வழி கண்டுபிடித்தாள். யார்டில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பும் பெரிய குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். விடிவதற்கு முன் போனால் குடம் குடமாகப் பிடித்து வரலாம். அம்மாவுக்கு அப்போது இழுப்பு முற்றி, எழுந்து நிற்க முடியவில்லை. அக்கா, "நான் போறேன்" என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அங்க வரிச இல்லடா" என்றாள். "வந்தவ வந்த மாதிரி புடிச்சிகினு போறா. யாரும் யாரையும் இடிக்கறதில்ல."

சில நாள் போனாள். முகம் தெளிந்திருந்தது. ஈரப் புடைவையோடு வந்து குடத்தை இறக்கிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாள். பிறகு ஒரு நாள் யார்டு காவல்காரர்கள் வந்துவிட்டார்கள். "ஓடுங்கடீ!" என்று மீன்காரம்மா கத்தினாள். எல்லோரும் ஓடினார்கள். அக்கா குனிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். செத்த காது கத்தல் வந்த பக்கம் இருந்தது. அவள் ஒருத்திதான் அகப்பட்டாள்.

"தொண்டை கிழியக் கத்தினேனே நைனா" என்று மீன்காரம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவளுக்குக் கேக்கலியே. நான்தானே அவ காத அடிச்சேன்."

கோர்ட்டில் அத்துமீறி நுழைந்ததாகவும் தண்ணீர் திருடியதாகவும் வாசித்தார்கள். என்ன கேட்டார்கள் என்று அக்காவுக்குப் பாதி புரியவில்லை. தலையை ஆட்டினாள். ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்கள். பெரிய பேனாக்காரர்கள் முன்னால் மரியாதையாக நிற்க வேண்டும் என்று அவளுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்போல.

பேராசிரியரிடம் சொன்னேன். உண்மையாகவே வருந்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இது உன் அக்காவோட தனிக் குற்றமே இல்லை" என்றார். "இதை யாராவது முறையா ஆராயணும்." நான் வணங்கிவிட்டு வந்தேன்.

இப்போது அக்கா தண்ணீருக்கு எங்கும் போவதில்லை. வாசலுக்கே வருவதில்லை. குழாய் அதே ஒன்றுதான். அபராதமும் வக்கீல் குமாஸ்தாவுக்குக் கொடுத்ததும் சேர்ந்து இருபது ரூபாய். அக்காவின் தோட்டை அடகு வைத்துக் கட்டினோம். சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்ட பித்தளைக் குடம் திரும்பி வரவில்லை. அது பதினோரு ரூபாய். ஆக முப்பத்தொரு ரூபாய்.